அம்மாவின் மேசையில் ஷாஜியின் கணினி

1

இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்று காலை, பல் துலக்கிக்கொண்டே இன்று ஒரு கேக் துண்டாவது வாங்கித் தின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. உத்தமபாளையத்தில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அவளுடைய தட்டச்சுக் கடையின் கணினித் திரை. திரை முழுக்க நீல நிறத்தில் ஒரு மலை. மலைக்கு நடுவே ஆங்கிலத்தில் இரண்டே சொல்: வருக, ஷாஜி.

எங்கள் வீட்டில் ஷாஜி என்று யாரும் இல்லை. எங்கள் தெருவில் இல்லை. எனக்குத் தெரிந்து அம்மாவின் கடைக்கு மனு அடிக்க வந்தவர்களில்கூட ஒரு ஷாஜி கிடையாது.

வாயில் நுரையோடு கூப்பிட்டேன்.

"யாரும்மா ஷாஜி?"

"அந்தத் தம்பிதான்."

"எந்தத் தம்பி?"

"வீடியோ போடுறாருல்ல, அந்தத் தம்பி. மலையாளத்துக்காரரு. நல்லா நிறுத்தி நிதானமாச் சொல்றாரு."

"அவரு பேரு எப்படிம்மா நம்ம கம்ப்யூட்டர்ல வந்துச்சு?"

"அவரு என்ன அடிச்சாரோ அதத்தான் நானும் அடிச்சேன்," என்றாள் அம்மா, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற குரலில். "பாஸ்வேர்டும் அவருதுதான். ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

நுரையை விழுங்கிவிட்டேன். கேக் வாங்கப் போகவில்லை.

2

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவின் கணினி பத்து வருடப் பழசு. அதிலிருந்த விண்டோஸ் பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு மேம்படுத்தல் வராது என்று திரையின் மூலையில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. புதிய பதிப்பைத் தாங்க அந்த இயந்திரத்துக்குத் தெம்பில்லை. தேனியில் ஒரு கடைக்காரர் "புதுசு வாங்கிருங்கக்கா" என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அம்மா என்னிடம் சொன்னாள். நான் குதித்தேன்.

"எதுக்கும்மா புதுசு? லினக்ஸ் போட்டுருவோம். ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும்."

லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து விடப்பட்ட இயங்குதளம். பழைய இயந்திரத்திலும் ஓடும். நான் இங்கே ஜெர்மனியில், டிரெஸ்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், பால் அடைக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க லினக்ஸில்தான் குடித்தனம். "ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும்" என்ற வாக்கியத்தைச் சொன்னது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாத் துயரத்துக்கும் அதுதான் வேர்.

மே மாதம் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. சந்தில் ஈ பறக்காது. ஜூனில் திறக்கும் அன்று காலையிலேயே வக்கீல் குமாஸ்தாக்கள் கத்தை கத்தையாகக் கையெழுத்துத் தாள்களோடு வந்து நிற்பார்கள். அவர்களில் மூத்தவர் அபுதாகிர் அண்ணன். அம்மா கடை போட்ட இருபத்திரண்டு வருடமும் அவள் கையால்தான் அடித்து வாங்குகிறார். விடுமுறை தொடங்கும் முன் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனாராம்.

"அக்கா, எதுத்தாப்புல புதுசாத் தொறந்திருக்காக பாத்தீகளா? வாயால சொன்னா மெஷின் தானா அடிச்சுக்கிருதாம். எங்க வக்கீலய்யா அங்கன போன்னு சொல்றாக. நாந்தான் பிடிச்சு வச்சிருக்கேன். தொறக்குற அன்னைக்கு உங்க மெஷின் ஓடலேன்னா, எம் பேச்சு எடுபடாதுக்கா."

அப்பாவுக்கு இது காதில் தேன். அவருக்கு ஆனைமலையன்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். ஆள் கிடைக்காமல் அலைகிறவர். "ஏ ஆத்தா, நீயாச்சும் ஒங்கம்மாகிட்டச் சொல்லு," என்று என்னைக் கூப்பிட்டார். "அம்பத்தேழு வயசுல யாருக்கு மனு அடிச்சு என்னத்தக் கட்டப்போறா? தோட்டத்துக்கு வந்து நின்னா நாலு காரியம் ஆகும்."

அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தாள். "தொறக்குற அன்னைக்கு மெஷின் ஓடுனா கடை. ஓடலேன்னா பூட்டு."

அவ்வளவுதான் விஷயம். முப்பது நாள் இருந்தது. நான் உடனே ஒன்பது வீடியோக்கள் தயார் செய்தேன். முதல் வீடியோ, இயங்குதளம் என்றால் என்ன, இருபது நிமிடம். இரண்டாவது, லினக்ஸின் வரலாறு. மூன்றாவது, பழைய கோப்புகளைப் பத்திரமாக வெளியே எடுத்து வைப்பது. இப்படி அடுக்கினேன். வார இறுதி இரண்டும் போயிற்று. அம்மா முதல் வீடியோவில் நாலு நிமிடம் பார்த்தாள்.

"ஒண்ணும் பிடிபடலத்தா," என்றாள். "'ஸோ, பேசிக்கலி'ன்னு ஆரம்பிக்கிற. ஒரு வரி முடியுறதுக்குள்ள நாலு 'ஆக்சுவலி'. நடுநடுவுல என்னமோ 'கெனௌ', 'கெனௌ'ங்கிற. எம் மக பேசுற மாதிரியே இல்ல. ஸ்டேஷன்ல ரயிலு வருதுன்னு சொல்லுவாகள்ல, அது மாதிரி இருக்கு."

'கெனௌ' என்பது ஜெர்மன். 'அதேதான்' என்று அர்த்தம். இங்கே அலுவலகத்தில் மூச்சு விடுவதுபோல எல்லாரும் சொல்வார்கள். அது எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அம்மா சொன்ன பிறகு வீடியோவைப் போட்டுக் கேட்டேன். இருபது நிமிடத்தில் பதினேழு தடவை.

அம்மா பிறந்தது தேவாரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற ஆட்களோடு பேசியே மலையாளம் கைவந்தவள். அதனால் பெற்ற மகளின் ஒன்பது வீடியோக்களை ஒதுக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஷாஜியிடம் போய்விட்டாள்.

3

போனவள் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

கடை போடுவதற்கு முன் அம்மா ஆறு வருடம் நீதிமன்றத்தில் தற்காலிகத் தட்டச்சராக, நகல் பிரிவில் இருந்தவள். தீர்ப்பையோ பத்திரத்தையோ பார்த்து 'உண்மை நகல்' அடிக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரே சட்டம்தான்: மூலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நகலில் இருக்க வேண்டும். மூலத்தில் ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தால் நகலிலும் இரண்டு முறை வர வேண்டும். தட்டச்சர் திருத்தக் கூடாது, யோசிக்கவும் கூடாது. அடித்து முடித்த பின் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் 'தட்டச்சு செய்தவர்', 'ஒப்பிட்டவர்' என்று இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் அது நகல்.

கடை போட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை அம்மா விடவில்லை. கூலிக்கு அடிக்கிற வாடகை ஒப்பந்தத்தைக்கூட ஒப்பிடாமல் கொடுக்க மாட்டாள். ஒப்பிடுகிறவள் நான். எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை, சாயங்காலமானால் கடை ஸ்டூலில் உட்கார்ந்து "கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி" என்று படித்தேன். எனக்கு அது எட்டிக்காய். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒரு வரியைத் தாண்டுவேன். அம்மா தலை நிமிராமலே சொல்வாள்: "ஒரு வரி முழுங்கிட்ட." அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடிய ஓட்டம்தான் ஜெர்மனிவரை வந்து நின்றது என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஷாஜியின் வீடியோவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, தமிழ்ச் சுருக்கெழுத்தில் ஒரு சொல் விடாமல் நோட்டில் எடுத்திருக்கிறாள். 'நமஸ்காரம்' முதல், மணிப் பொத்தானை அழுத்தச் சொல்லும் 'பெல் பட்டன் அமர்த்துக' வரைக்கும். பிறகு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் செய்ததை அப்படியே செய்திருக்கிறாள். அவர் தன் பெயரை அடித்த இடத்தில் அவர் பெயரை அடித்தாள். அவர் மலையாள விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்த இடத்தில் இவளும் அதையே தேர்ந்தெடுத்தாள்.

"வீடியோல ஒருத்தர் சொன்னா அப்படியேவாம்மா செய்வ? அது அவரு பேருன்னு தெரிய வேணாமா?"

"ஒம் பாஸ்போர்ட்டுக்கு நீ என்ன செஞ்ச?" என்றாள் அம்மா.

ஊரில் என் பெயர் மு. நிவேதா. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு வீடியோவில் ஒரு அண்ணன், "அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுறாதீங்க ஃப்ரெண்ட்ஸ், அப்பா பேரைப் போட்டுருங்க," என்றார். போட்டேன். இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்துக்கொண்டிருந்ததால் அடுத்து அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. விமானம் விட்டு இறங்கிய நாளிலிருந்து நான் இந்த நாட்டில் முத்தையா. பல் மருத்துவரும் தபால்காரரும் ஒருபோல "ஃப்ராவ் முத்தையா" என்கிறார்கள். 'ஃப்ராவ்' என்றால் திருமதி. அம்மாவிடம் ஒரு தடவை சொன்னேன். "திருமதி முத்தையான்னா அது நானுல்ல? நீ எப்படி ஆவ?" என்று சிரித்தாள்.

சென்ற மாதம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். எண் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனால், அங்கிருந்த அதிகாரி அம்மையார் என் பட்டச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதில் முன்னால் ஒரு 'எம்' இருக்கிறதே, அது யார்?"

"என் அப்பா."

"உங்கள் அப்பா ஏன் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்?"

"எங்கள் ஊரில் அப்படித்தான்."

"இந்த ஆவணத்தில் பின்னால் நிற்கிறாரே?"

வீடியோவில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எப்படிச் சொல்வது? விளக்கக் கடிதம் ஒன்று தபாலில் அனுப்பச் சொன்னார். மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேட்டேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் லினக்ஸ் நிறுவக் கற்றது விடுதி அறையில், வந்த புதிதில், கல்லூரிக் காலத்து மடிக்கணினி மூச்சை நிறுத்தியபோது. எல்லா வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்தேன். 'இது தெரிந்ததுதான்' என்று தாண்டித் தாண்டிப் போனேன். பதினோரு தடவை கெடுத்தேன். ஒரு தடவை திரை தலைகீழாக வந்தது. அம்மா முதல் தடவையிலேயே நிறுவி முடித்துவிட்டாள். என்ன, ஷாஜிக்கு நிறுவிக் கொடுத்துவிட்டாள்.

4

இரண்டாவது இடி பத்து நிமிடம் கழித்து விழுந்தது.

"ம்மா, பழைய ஃபைலெல்லாம் எங்க?"

"அழிக்கவான்னு கேட்டுச்சு. தம்பி சரின்னு கொடுத்தாரு." பக்கம் புரளும் சத்தம். நோட்டைப் பார்த்து ஷாஜியின் மலையாளத்திலேயே படித்தாள்: "'பேடிக்கண்டா, ஒந்நும் ஆவில்லா.'"

பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது. அவருக்கு ஒன்றும் ஆகாதுதான். அவருடையது வீடியோவுக்கென்று வைத்த வெற்றுக் கணினி. அம்மாவுடையதில் இருபத்திரண்டு வருட மாதிரிப் படிவங்கள் இருந்தன. வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினை, ஜீவனாம்ச மனு, பெயர் திருத்த உறுதிமொழி என்று ஒன்றொன்றுக்கும் ஒரு கோப்பு. நான் கத்தினேன். மூன்றாவது வீடியோவில் இதைத்தானே படித்துப் படித்துச் சொன்னேன், அதைப் பார்த்தாயா, பேக்கப் என்ற சொல்லாவது காதில் விழுந்ததா என்று கத்தினேன்.

அம்மா நான் ஓயும்வரை காத்திருந்தாள். "ஆபீஸ் காப்பி இருக்குல்ல?" என்றாள்.

"என்ன ஆபீஸ் காப்பி?"

"எல்லாத்துலயும் ஒண்ணு கூட எடுத்து ஃபைல்ல போட்டுத்தான வச்சிருக்கேன். அலமாரில வருஷ வாரியா இருக்கு. கம்ப்யூட்டர நம்பியா நான் கடை வச்சேன்?"

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒருவர் தப்புச் செய்துவிட்டு அதற்கான பரிகாரத்தையும் முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் அவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

கோபப்பட வேறொன்று கிடைத்தது. காகிதப் படிவங்களைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். விசையைத் தட்டினால் மலையாளம் விழுந்தது. தமிழுக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். தமிழ் வந்தது, ஆனால் அது அம்மாவின் தமிழ் அல்ல. அம்மாவின் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசை. பதினெட்டு வயதில் விரலில் ஏறியது. புதிதாக வந்ததில் ஒவ்வொரு எழுத்தும் வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தது. குனிந்து தேடித் தேடி ஒரு வரி அடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று. 'உத்தமபாளையம்' என்று அடிக்கப் போய் வந்து விழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தாளாம். மூன்றாம் நாள் நான் கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை.

"அபுதாகிரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு," என்றாள். "'ஷாஜி சாரு இருக்காகளா'ன்னு கேலி. போகும்போது எதுத்த கடையில நின்னு வெல விசாரிச்சாரு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சுதான் விசாரிச்சாரு."

நீதிமன்றம் திறக்கப் பத்து நாள் இருந்தது.

பழைய வரிசை லினக்ஸிலும் உண்டு. ஆனால் தனியாக இறக்கி நிறுவ வேண்டும், சில கட்டளைகளை அடித்து. நான் இங்கிருந்தே அவள் கணினிக்குள் நுழைந்து செய்துவிடுகிறேன் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ உள்ள வந்து என்னமோ பண்ணிட்டுப் போயிருவ. அடுத்த தடவ கெட்டா நான் யாரப் பிடிக்கிறது? நீ வாயால சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

5

சனிக்கிழமை. எனக்குக் காலை ஒன்பது, அவளுக்குப் பன்னிரண்டரை. வீடியோவில் கூப்பிட்டேன். முதல் ஐந்து நிமிடம் கடையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மாவின் காது. "அத அணைச்சுத் தொல, வெறும் குரலு போதும்," என்று அவளே முடிவு செய்தாள். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள்.

"மொதல்ல டெர்மினலத் தொறம்மா. கருப்பா ஒரு பொட்டி இருக்கும்."

"எங்கன?"

"அங்கனதாம்மா, கீழ. அதத் தட்டு."

"'அங்கனதாம்மா, கீழ. அதத் தட்டு,'" என்று திரும்பப் படித்தாள். "இத வச்சுக்கிட்டு எவனாச்சும் ஒரு எடத்தக் கண்டுபிடிப்பானா? கீழன்னா எது? வலதா, எடதா? எடதுல இருந்து எத்தனாவது?"

எனக்கே தெரியவில்லை. என் கணினியில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். இடதிலிருந்து நான்காவது. தினமும் தட்டுகிற பொத்தான் எத்தனாவது என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரிந்திருக்கவில்லை.

"இப்ப நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன். சொல்றத மட்டும் அடி. நீயா எதையும் சேக்காத."

"சரி."

சொன்னேன். இங்கிலீஷ் எழுத்துகளை ஒன்றொன்றாக. அவள் எழுதினாள், திரும்பப் படித்தாள், அடித்தாள், என்டர் தட்டினாள்.

"அப்படி ஒரு கட்டளையே இல்லேங்குது."

"தப்பா அடிச்சிருப்ப. திரும்ப."

திரும்பச் சொன்னேன். திரும்ப அடித்தாள். அப்படி ஒரு கட்டளை இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. அடுப்பில் என் காபி பொங்கி வழிந்தது. சன்னலுக்கு வெளியே, சனிக்கிழமை ஒன்பதரைக்கு இவ்வளவு சத்தமாகப் பேசுவது யார் என்று எதிர்வீட்டுக் கிழவர் அண்ணாந்து பார்த்தார். ஒன்பது நாள் இருக்கிறது, இதுவே வரவில்லை, இனி எப்போது எல்லாவற்றையும் அடிப்பது என்று தலைக்குள் ஓடியது. வாயிலிருந்து வந்தது வேறு.

"எத்தன தடவதாம்மா சொல்றது? ஒனக்கெல்லாம் இது வராது. பேசாம கடையப் பூட்டிட்டுத் தோட்டத்துக்குப் போ."

அந்தப் பக்கம் பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அம்மா சொன்னாள்:

"ம். மேல சொல்லு."

நான் தணிந்த குரலில் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தைப் பார்த்தேன். எழுத்து ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சொல்லாக, சரக்கு ரயில்போல நின்றது. சொல்லுக்குச் சொல் இடைவெளி வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

"ம்மா, நடுவுல எடம் விடணும்."

"நீ சொல்லலியே."

"அது தானாத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரிஞ்சத நான் அடிச்சா அது நகல் இல்ல," என்றாள். "சேக்காதன்னு நீதான சொன்ன?"

இடம் விட்டு அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. அங்கே இன்னொரு நிறுத்தம். லினக்ஸில் அந்தக் கருப்புப் பெட்டிக்குள் கடவுச்சொல் அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கக் கூடாது என்பதற்காக.

"அடிச்சா விழ மாட்டேங்குது."

"விழாதும்மா. அடிச்சிட்டு என்டர் தட்டு."

"விழாம எப்படி அடிக்கிறது? நாப்பது வருஷத்துல அடிச்ச எழுத்து விழாத மெஷின நான் பாத்ததில்ல. ரிப்பன் தீந்தாத்தான் விழாது."

"நம்பி அடிம்மா."

"ஒன்னையவா, மெஷினையா?"

அடித்தாள். என்டர் தட்டினாள். ஏதேதோ வரிகள் மளமளவென்று ஓடுகின்றன என்றாள். அதையும் எழுத ஆரம்பித்தாள். அதை எழுத வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினேன்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பழைய தட்டச்சு வரிசை பட்டியலில் வந்து நின்றது. தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இடதிலிருந்து எத்தனாவது, மேலிருந்து எத்தனாவது என்றெல்லாம் இப்போது ஒழுங்காகச் சொன்னேன். பிறகு கைப்பேசியில் ஒரு விசைச் சத்தம். நின்று இன்னொன்று. அப்புறம் இரண்டு, மூன்று. அப்புறம் எண்ண முடியாதபடி மழை பிடித்துக்கொண்டது.

"ரெண்டு எழுத்து எடம் மாறித்தான் இருக்கு," என்றாள் சத்தத்துக்கு நடுவே. "போகட்டும். வெரலுக்குச் சொல்லிக்கிருவேன். நீ வையி."

அவள்தான் வைத்தாள். நான் அடுப்பைத் துடைக்கப் போனேன்.

6

நீதிமன்றம் திறந்த அன்று அபுதாகிர் அண்ணன் முதல் ஆளாக வந்து நின்றாராம். கையில் தடிமனான கட்டு. "ஷாஜி சாருகிட்டக் கொடுத்து அடிச்சுத் தரச் சொல்லுங்கக்கா," என்றாராம். அம்மா அந்தப் பெயரை இன்னும் மாற்றவில்லை. இரண்டு சொடுக்கில் மாற்றிவிடலாம், சொல்லித் தருகிறேன் என்றேன். "இருந்துட்டுப் போகட்டும். ஓடுதுல்ல?" என்றுவிட்டாள். அப்பா அதன் பிறகு தோட்டத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எதிர்க் கடையில் வாயால் சொன்னால் அடிக்கும் இயந்திரம், பக்கத்தில் பேருந்து ஒலிப்பானை அழுத்தினால் அதையும் ஏதோ சொல்லாக அடித்துவிடுகிறதாம். இதை அம்மா ரொம்ப சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை எனக்கு நான்கு பக்கக் கோப்பு ஒன்றை அனுப்பினாள். இரட்டை இடைவெளி, இடது ஓரம் அகலமாக விட்டு, நீதிமன்றத்துக்குப் போகிற தாள்போல அடித்திருந்தது. தலைப்பு: 'கணினியில் லினக்ஸ் நிறுவும் முறை - உண்மை நகல்.' முதல் இரண்டு பக்கம் ஷாஜி சொன்னது. அடுத்த இரண்டு நான் சொன்னது. கடைசியில் 'தட்டச்சு செய்தவர்' என்று அவள் பெயர், கையெழுத்தோடு. அதற்குக் கீழே 'ஒப்பிட்டவர்: மு. நிவேதா.' கையெழுத்துக்கான இடம் காலி. மூன்று வருடம் கழித்து அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றதை அச்சில் பார்த்தேன்.

கூப்பிட்டேன். "இது எதுக்கும்மா?"

"அபுதாகிரு ஆபீஸ்லயும் இதே வயசு மெஷின்தான். அவுகளுக்கும் ஒரு காப்பி வேணுமாம். ஒப்பிடாம நான் வெளிய விட மாட்டேன். மூலம் எங்கிட்ட, நகல் ஒங்கிட்ட. நீ படி, நான் பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து படித்தேன். 'நமஸ்காரம், கமா.' 'பேடிக்கண்டா, கமா, ஒந்நும் ஆவில்லா, முற்றுப்புள்ளி.' மூன்றாம் பக்கத்தில் நான் வந்தேன். 'அங்கனதாம்மா, கீழ, முற்றுப்புள்ளி.' என் 'கெனௌ'கள் ஆறும் தமிழ் எழுத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 'பேசிக்கலி' இரண்டு. படிக்கப் படிக்கக் கூசியது. 'அப்படி ஒரு கட்டளையே இல்லேங்குது, முற்றுப்புள்ளி. தப்பா அடிச்சிருப்ப, முற்றுப்புள்ளி.' அடுத்த வரி என்ன என்று கண் முன்னே ஓடிப் பார்த்துவிட்டது. நான் அதற்கும் அடுத்ததற்குத் தாண்டினேன்.

"ஒரு வரி முழுங்கிட்ட," என்றாள் அம்மா.

"ம்மா."

"படி."

"இத எடுத்துருவோம்மா. இது சொல்லிக்கொடுக்குறதுல சேராது. கோவத்துல வந்தது. அபு அண்ணே ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாகம்மா."

"மூலத்துல இருக்குல்ல? இருந்தா இருக்கணும்."

"சாரிம்மா."

"அது மூலத்துல இல்ல," என்றாள் அம்மா. "சேக்க முடியாது. படி."

படித்தேன்.

"எத்தன தடவதாம்மா சொல்றது, கேள்விக்குறி. ஒனக்கெல்லாம் இது வராது, முற்றுப்புள்ளி. பேசாம கடையப் பூட்டிட்டுத் தோட்டத்துக்குப் போ, முற்றுப்புள்ளி."

அந்தப் பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது.

"சரியா இருக்கு," என்றாள். "அடுத்த வரி."

அடுத்த வரியில் அம்மா தன்னையும் விடாமல் எழுதிவைத்திருந்தாள். அதையும் புள்ளி மாறாமல் படித்தேன்.

"ம், முற்றுப்புள்ளி. மேல சொல்லு, முற்றுப்புள்ளி."